அடுப்பு எரியாத தெரு

குட்டிக்குப் பசி வந்தால் வெளிச்சம் கூடும். காகிதத்தில் இது கம்பெனிக்கு முதலிலேயே தெரியும். அந்தப் பசியை எவ்வளவு தூரம் விட்டுப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் எங்கள் தெருவில் ஒரு சாவு விழ வேண்டியிருந்தது.

குட்டி என்று நாங்கள் சொல்வது கருந்துளையை. ஒரு மலையைக் கண்ணுக்குத் தெரியாத பொட்டாக நசுக்கினால் வருகிற சாமான். மனிதர்களே அதைச் செய்து, வியாழனுக்கு அப்பால் ஒன்றுமில்லாத வெளியில் நிறுத்தி, சுற்றிலும் கூடு கட்டியிருக்கிறார்கள். அது விடுகிற வெளிச்சத்தைக் கூடு வாங்கிக்கொள்ளும். வாங்கியது மின்சாரமாகப் பூமிக்குப் போகும். வெளிச்சம் விட விட குட்டி மெலியும். மெலியவிடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போனார்கள். கூட்டின் ஒரு விலாவில் எங்களுக்கு வீடுகள் கொடுத்தார்கள். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. நாங்கள் அதைத் தெரு என்று சொன்னோம்.

இதற்கு ஏன் மனுசக் கை என்று கேட்கலாம். இயந்திரங்களை வைத்துப் பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவற்றின் கண் சீக்கிரம் அவிந்துபோனது. எங்கள் கண்ணும் அவியும்தான், கொஞ்சம் மெதுவாக. புதுக் கண் வாங்கிப் பொருத்துவதைவிடப் புது ஆள் எடுப்பது கம்பெனிக்கு லேசு.

வேலை கடினம் ஒன்றுமில்லை. கல்லைப் பொடித்து, உருண்டையாகப் பிடித்து அனுப்புவார்கள். அதைக் குழலில் வைத்து, கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். குட்டியின் வெளிச்சம் ஒரே சீராக இருக்காது. மூச்சு விடுவதுபோல ஒரு கணம் தணியும். அந்தத் தணிவில் தட்டிவிட்டால் உருண்டை போய்ச் சேரும். பிசகினால் பாதி வழியில் ஆவியாகும். ஒரு முறை வேலைக்கு ஊட்டு என்று பெயர். முதல் ஊட்டு, இரண்டாம் ஊட்டு என்று மாறி மாறி நிற்போம். அங்கே பகலும் ராவும் அதுதான்.

என் மனைவி பேச்சித்தாய்க்கு என்னைவிடக் கை சுத்தம். அவள் விட்ட உருண்டை வீணாகி நான் பார்த்ததில்லை. வந்த புதிதில் ரோஸ்லின் மேடத்திடம் அவள்தான் துருவித் துருவிக் கேட்பாள். ரோஸ்லின் மேடம் எங்களுக்கு மேலே இருந்த இன்ஜினியர். நாகர்கோவில்காரப் பெண். எங்களோடு உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரே அதிகாரி.

“எடை இருந்தா அது மந்தமா இருக்கும் அக்கா. எடை இறங்க இறங்கக் கொதிக்கும். ரொம்ப இறங்கிட்டா ஒரே வெடிப்புதான். அதப் பத்திப் பேச நாம இருக்க மாட்டோம்.”

“இவுகளும் அப்படித்தான் மேடம்,” என்று பேச்சி என்னைக் காட்டினாள். “வயிறு காஞ்சா மூஞ்சி தகதகன்னு வந்துரும். பக்கத்துல போவ முடியாது.”

மேடம் டீ சிந்தச் சிரித்தது நினைவிருக்கிறது.

முதல் சாவு பிச்சையாவுடையது. குழலடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். எங்கள் பக்கத்தில் தெருவில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். பிள்ளைகளுக்குக்கூடப் பக்கத்துத் தெருவிலிருந்துதான் ஏதாவது வாங்கிக் கொடுப்போம். கூட்டிலும் அன்றைக்கு எல்லா வீட்டிலும் அடுப்பை நிறுத்தினோம். பிறகு அடுத்த ஊட்டுக்கு ஆட்கள் கிளம்பியபோது, தெருவுக்கு மூத்தவர் வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி வழியை மறித்து நின்றார்.

“சோறு பொங்குற அடுப்ப அணைச்சுட்டு, இம்மாம் பெரிய அடுப்ப எரிய விட்டா, செத்தவனுக்கு என்னல மரியாதை?”

கிளம்பியவர்கள் நின்றுவிட்டார்கள். அங்கே எங்களுடையது என்று சொல்ல ஒன்றும் கிடையாது. காற்று கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது. இந்த வழக்கம் ஒன்று மட்டும் எங்களோடு வந்தது. ஊட்ட யாரும் போகவில்லை. மேலே இன்ஜினியர்கள் ஓடினார்கள், மணி அடித்தார்கள், கெஞ்சினார்கள். நல்லவேளையாகப் பூமிக்குப் போய்வருகிற கப்பல் துறையில் நின்றது. பிச்சையாவை அதில் ஏற்றி ஊருக்கு அனுப்பினோம். பிறகுதான் குளித்துவிட்டு ஊட்டப் போனோம்.

அந்த இடைவெளியில் குட்டி மெலிந்து கொதித்தது. வெடிக்கவில்லை. கூட்டிலிருந்து பூமிக்குப் போன மின்சாரம் அதுவரை போகாத அளவுக்குப் போனதாம். எங்களைத் திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தோம். கம்பெனியிடமிருந்து ஆறுதல் செய்திதான் வந்தது. கொஞ்ச நாளில், இந்த எடைக்குக் கீழே குட்டியை இறக்கக் கூடாது என்று திரையில் இருந்த சிவப்புக் கோட்டைக் கீழே இறக்கி வைத்தார்கள். உருண்டைகள் குறைந்தன. எங்களுக்கு வேலை குறைந்ததென்று சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

மெலிந்த குட்டியின் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலும் முகம் எரியும். அடுத்தடுத்து இரண்டு சாவு. ஒவ்வொரு சாவுக்கும் அடுப்பை நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் குட்டி இன்னும் கொஞ்சம் மெலிந்து தாக்குப்பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கோடு இறங்கியது. நாங்கள் துக்கம் கொண்டாடியதைப் பார்த்துப் பார்த்துக் கம்பெனி பாடம் படித்தது. ரோஸ்லின் மேடம் எங்களோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்புறம் பேச்சிக்கு முடி கொட்டியது. ஈறில் ரத்தம் கசிந்தது. சோற்று வாடை ஆகவில்லை. கூட்டில் இருந்த டாக்டர் பார்த்துவிட்டு, இங்கே இதற்கு மருந்தில்லை, கப்பலில் இதற்கென்று அறை இருக்கிறது, ஏறிவிட்டால் பிழைக்க வழியுண்டு என்றார். பிச்சையாவின் பெண்சாதி, எதிர் வீட்டு மாரிக்கனியின் தம்பி என்று இன்னும் சிலர் அதே நிலைமையில் கிடந்தார்கள்.

கப்பல் வந்திருந்தது. ஆனால் கிட்டே வர முடியவில்லை. குட்டியின் கொதிப்பில் அதன் தோல் உரிந்துவிடுமாம். தொலைவில் ஒரு பாறையின் நிழலுக்குள் ஒதுங்கி நின்றது. குட்டியைத் தணித்தால்தான் நிழலை விட்டு வெளியே வரும். தணிக்க வேண்டுமென்றால் வயிறு முட்ட ஊட்ட வேண்டும். மேடம் மேலிடத்தோடு மன்றாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் கூட்டுக்கு வேண்டிய சாமான்களும் அதே கப்பலில் இருந்ததால் அனுமதி கிடைத்தது. ஊட்டு ஊட்டாக விடாமல் நின்றால் ஒரு வாரத்தில் தணியும் என்றாள். பேச்சியிடம் சொன்னேன். “அதுக்குள்ள எனக்கு முடி மொளச்சிரும்,” என்றாள்.

வேலை தொடங்க வேண்டிய அன்றைக்கு, வெள்ளைப்பாண்டி அண்ணாச்சியின் மகன் சேர்மதுரை குழலடியில் விழுந்து செத்தான். கல்யாணமாகாத பையன். அண்ணாச்சிக்கு வேறு பிள்ளை இல்லை.

தெரு அடுப்பை நிறுத்தியது.

கயிறு எங்கே இறுகியது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பிணத்தை எடுக்காமல் ஊட்டமாட்டோம். ஊட்டாமல் கப்பல் வராது. கப்பல் வராமல் பிணத்தை எடுக்க முடியாது. குட்டி நிமிடத்துக்கு நிமிடம் மெலிந்துகொண்டிருந்தது. மேடம் தெருமுனை வரை வந்து, உள்ளே வரத் தைரியமில்லாமல் திரும்பிப் போனாள். ஒரு தரம் மட்டும் வழக்கத்தை விட்டால் என்ன என்று இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். பெத்தவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல ஒருவனும் முன்வரவில்லை.

நான் போய் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். சேர்மதுரையைத் தெரு நடுவில் கிடத்தியிருந்தார்கள். அண்ணாச்சி அவன் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இவன எடுக்கணும்னா கப்பல் வரணும்.”

“தெரியும்ல.”

“கப்பலு இல்லாம எடுக்கதுக்கு இன்னொரு வாசல் இருக்கு.”

அவருக்கு உடனே புரியவில்லை.  பழைய நாளில் முழுக் கல்லாகவே குட்டிக்குத் தள்ளிவிடுகிற பெரிய வாசல் ஒன்று கூட்டின் அடியில் இருந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தட்டு உண்டு.

“ஒம் பொண்டாட்டி பிழைக்கணும்னு எம் மவன அடுப்புல போடச் சொல்லுதியால?”

“ஆமா அண்ணாச்சி.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் வீட்டு வாசலில் பேச்சி வந்து நின்றாள். தலையில் துண்டு. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். அவள் வெளியே வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அந்தக் கோலத்தில் தெரு அவளைப் பார்த்ததில்லை.

“அண்ணாச்சி, இவுக பேச்சக் கேக்காதீய. நான் எப்படியும் போறவதான். புள்ளய ஊருக்கே கொண்டு போங்க.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பிறகு மகன் காலை விட்டுவிட்டு எழுந்தார்.

“நீ போயிப் படு தாயி,” என்றார்.

வாசலுக்கு அவர் யாரையும் கூட வர விடவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்த் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அவர் திரும்பி வர நேரமாயிற்று. வந்ததும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நேரே குழலுக்குப் போனார். அதுதான் அந்த வாரத்தின் முதல் உருண்டை. நாங்களும் போனோம்.

அன்றைக்கு வேலை முடிந்து வந்தபோது பேச்சி விழித்துக்கொண்டு கிடந்தாள். கப்பலில் அந்த அறை எப்படி இருக்கும் என்று பேசினோம். ஊரில் ரயிலடிப் பக்கம் நல்லதாக ஒரு வீடு பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

“எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என்னைய அதுக்குப் போட்டுராதீய. இத்தன நாளும் அதுக்கு ஊட்டிட்டு, நானே போயி அது வாயில விழணுமா? எனக்கு மண்ணு வேணும். வெறும் மண்ணு.”

அப்படியெல்லாம் ஆகாது என்றேன்.

“சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன்.

ஊட்டு ஊட்டாக நின்றோம். ஒரு ஊட்டு முடிந்து சாப்பிட்டு, படுக்காமலே அடுத்ததற்குப் போனோம். திரையில் குட்டியின் எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. குட்டி தணிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முகம் எரிவது நின்றது. அண்ணாச்சி எனக்கு அடுத்த குழலில் நின்றார். என்னோடு பேசமாட்டார். ஆனால் என் உருண்டை பிசகினால் அவர் ஒன்று கூடுதலாக விடுவார்.

கப்பல் நிழலை விட்டுக் கிளம்பிவிட்டது என்று மேடம் ஒலிபெருக்கியில் சொன்னபோது தெருவில் சிலர் அழுதார்கள். இன்னும் ஒரு ஊட்டு. அது துறையைத் தொடுகிறவரை குட்டியை இதே தணிவில் வைத்திருக்க வேண்டும். பாதி வழியில் கொதித்தால் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை.

பேச்சியிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். கண் திறந்திருந்தது. நான் சொல்லி முடித்த பிறகுதான் அவள் கேட்கவில்லை என்று தெரிந்தது.

வாய்விட்டு ஒரு சத்தம் வந்திருந்தால் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் வேலை நின்றிருக்கும். கப்பல் வழியில் கருகும், அல்லது திரும்பிப் போகும். பிச்சையா பெண்சாதியும் மற்றவர்களும் அங்கேயே கிடந்து சாவார்கள். பேச்சிக்கு மண்ணும் கிடைக்காது. இதையெல்லாம் அப்போது இவ்வளவு வரிசையாக நினைக்கவில்லை. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

மாரிக்கனி எதிர் வீட்டிலிருந்து, அக்கா எப்படியிருக்கா என்று கேட்டாள். தூங்குகிறாள், எழுப்பாதே என்றேன். அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். சாவு வீட்டுக்காரன் எரிகிற அடுப்பில் வைத்த டீயைக் குடித்தேன்.

குழலில் நின்றேன். அன்றைக்கு ஒரு உருண்டைகூடப் பிசகவில்லை. அண்ணாச்சி அத்தனை நாளில் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

“சாப்ட்டாளா?”

“சாப்ட்டா அண்ணாச்சி.”

தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

கப்பல் துறையைத் தொட்டது. நோயாளிகளை ஒவ்வொருவராக ஏற்றினார்கள். நான் பேச்சியை அவள் கல்யாணச் சேலையில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு துறைக்கு வந்தேன். அவளுக்கு எடையே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்கள், நடக்க முடியாதவளைத் தூக்கி வருகிறான் என்று வழி விட்டார்கள். கிட்டே வந்ததும் விலகினார்கள்.

ரோஸ்லின் மேடம் கப்பல் கதவில் நின்றாள். சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“அண்ணே, உடல் ஏத்த வேண்டாம்னு உத்தரவு வந்திருக்கு.”

எனக்கு விளங்கவில்லை. பிச்சையாவை ஏற்றினோமே, அப்புறம் இரண்டு பேரை ஏற்றினோமே என்றேன்.

“அது முன்னாடி. இப்ப உங்க தெருவுல வழக்கம் மாறிட்டுதுன்னு எடுத்துக்கிட்டாங்க. வாசல் வழியா அனுப்புறதுதான் இனி முறை. கப்பல்ல இடமும் மிச்சம், குட்டிக்கும்…” நிறுத்திக்கொண்டாள். “சேர்மதுரையப் பத்தி நான்தான் எழுதி அனுப்பினேன் அண்ணே. அவன் அப்பா செஞ்சத அவங்க தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதினேன். ரொம்ப மரியாதையாத்தான் எழுதினேன். அவங்களும் மரியாதையாத்தான் பதில் போட்டிருக்காங்க. தொழிலாளர்களோட வழக்கத்த மதிக்கணுமாம்.”

அந்த வழக்கத்தை உண்டாக்கியது நான். தெரு நடுவில் உட்கார்ந்து என் வாயால் கேட்டது. மேடத்திடம் கெஞ்சினேன். கப்பல்காரர்களிடம் கெஞ்சினேன். பிறகு கெஞ்ச ஆளில்லை.

இதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டது. குழல்கள் நின்றுவிட்டன. துறையில் வெளிச்சம் லேசாக ஏறுவது தரையிலேயே தெரிந்தது. மாலுமி ஒருவன் வந்து, கிளம்ப வேண்டும், சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. உள்ளே எங்கள் ஆட்கள்தான் படுத்திருந்தார்கள். நான் பேச்சியை ஏந்திக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம் அவர்கள் போக வேண்டிய வழியில் குட்டியின் கொதிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி வந்தார். பேச்சி முகத்தைப் பார்த்தார்.

“எப்பம் போனா?”

“ஊட்டுக்கு முந்தி.”

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. அடுத்த குழலில் நான் நின்றது, அவர் கேட்டது, நான் சொன்னது எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

“எம் மவன அங்க அனுப்பச் சொன்ன. ஒம் பொண்டாட்டிய மட்டும் ஒளிச்சு வச்சு ஊருக்குக் கொண்டு போவலாம்னு பாத்த.”

“சத்தியம் பண்ணிட்டேன் அண்ணாச்சி.”

“நானும் அவன் அம்மைக்கு ஒரு சத்தியம் பண்ணியிருந்தேம்ல.”

 திரும்பிப் போவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, பேச்சியின் கால்மாட்டைத் தாங்கினார். அப்படியே நடக்கத் தொடங்கினார். அவர் நடந்ததால் நானும் நடந்தேன். தெரு முழுக்க ஆட்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எங்களுக்குப் பின்னால் கப்பலின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

அடியில், வாசலில், தட்டு காத்திருந்தது. வைத்தோம். சேலை கசங்கியிருந்த இடத்தை நீவிவிட்டேன். அண்ணாச்சி எதிர்ப்பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். என்னையும் பிடிக்கச் சொன்னார்.

“இப்பம் ஒரு இழுப்பு வரும். வந்த உடனே விட்டுரணும். நான் விடாம நின்னுட்டேன். கதவு மூட முடியாம, அவன் ரொம்ப நேரம் பாதியில கெடந்தான்.”

சரி என்றேன்.

இழுப்பு வந்தது. அண்ணாச்சி விட்டுவிட்டார். தட்டு என் கையோடு நின்று நடுங்கியது. எங்கேயோ மணி அடித்தது. அவர் சுற்றி என் பக்கம் வந்தார். அதட்டவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.